ஸ்கர்ஜ் நின்ற பாலம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. பழைய நார்ஸ் புராண நூலான எட்டாவை ஒரு வழியாக முழுக்கப் படித்துவிட்டாய் என்பதில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். படித்த கையோடு மார்வெல் காமிக்ஸில் தோரை உண்டாக்கிய கிர்பியையும் ஸ்டான் லீயையும் பழைய பேப்பர் கடைக்குப் போடச் சொல்கிறாயே, அதில்தான் கடுப்பு. போனில் பேசினால் நீ பாதியிலேயே குரலை உயர்த்துவாய், நான் வைத்துவிடுவேன், அப்புறம் அம்மா இரண்டு பக்கமும் சமாதானத் தூது போக வேண்டியிருக்கும். அதனால் எழுதுகிறேன். குறுக்கே பேச முடியாது என்பதுதான் கடிதத்தில் எனக்குப் பிடித்த விஷயம்.

நீ அடுக்கியிருக்கும் குற்றச்சாட்டு எதையும் நான் மறுக்கப் போவதில்லை. பழைய கதைகளில் வரும் தோருக்குச் செந்தாடி. மார்வெல் தோரோ மழமழவென்று சவரம் செய்த பொன்முடிக்காரன். எட்டாவில் சுத்தியலைப் பிடிக்க அவனுக்கு இரும்புக் கையுறை வேண்டும், பலத்தைக் கூட்ட இடுப்பில் கச்சை வேண்டும். காமிக்ஸில் தகுதி இருந்தால் போதும், தானாகக் கைக்கு வரும். லோகி தோரின் அப்பா ஓடினோடு ரத்தம் கலந்து சகோதரனானவன், தோருக்குத் தம்பியே இல்லை. லாஃபே லோகியின் அம்மா, அவளைப் போய் உறைபனி அரக்கர்களின் ராஜாவாக்கி அப்பா ஸ்தானத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். தோரின் மனைவி சிஃபின் தங்கக் கூந்தல் கறுத்துப்போனது. எல்லாம் சரி. நீ விட்ட ஒன்றையும் நானே எடுத்துத் தருகிறேன்: அந்தச் சுத்தியல் 'உரு' என்ற உலோகத்தில் வார்த்தது என்று சின்ன வயதில் பக்தியோடு நம்பினோமே, அப்படி ஒரு உலோகத்தை எந்த வைக்கிங் கவியும் பாடியதில்லை. ஸ்டான் லீயின் தம்பி லாரி லீபர் உட்கார்ந்து யோசித்துச் சூட்டிய பெயர் அது.

அண்ணன் கதை சொல்ல, தம்பி வசனம் எழுத, கிர்பி பென்சிலில் வரைய, ஜோ சின்னாட் மையிட, 1962 ஆகஸ்ட் தேதியிட்ட 'ஜர்னி இன்டு மிஸ்டரி' 83-ஆம் இதழில் 12 சென்ட் விலைக்கு வந்து இறங்கினான் இந்தத் தோர். கால் தாங்கித் தாங்கி நடக்கும் டாக்டர் டொனால்ட் பிளேக் நார்வேக்கு ஓய்வெடுக்கப் போகிறார். சனி கிரகத்திலிருந்து வந்த கல் மனிதர்களைக் கண்டு ஒரு குகைக்குள் ஓடி ஒளிகிறார். அங்கே கிடைத்த கைத்தடியை ஆத்திரத்தில் பாறையில் ஓங்கி அடிக்க, இடி இடித்துக் கடவுளாகிறார். இதைப் பண்டைய நார்ஸ் புராணம் என்று சொன்னால் நீ சிரிப்பாய், நானும் சிரிப்பேன்.

ஆனால் 'போலி' என்கிறாய் பார், அங்கேதான் சண்டை. உன் மேசைமேல் இருக்கும் உரைநடை எட்டாவை எழுதியவர் யார்? ஸ்நோரி ஸ்டுர்லுசன். ஐஸ்லாந்துக்காரர், கவிஞர், பெரிய அரசியல்வாதி, 1241-இல் ரெய்க்ஹோல்ட்டில் தன் வீட்டு நிலவறையிலேயே எதிரிகளின் ஆட்களால் வெட்டப்பட்டுச் செத்தவர். அவர் அந்த நூலை எழுதியது 1220 வாக்கில். ஐஸ்லாந்து ஞானஸ்நானம் வாங்கியது 1000 வாக்கில். அதாவது, தோரைக் கும்பிடுவது நின்று இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட ஊரில், தோரைக் கும்பிடாத ஒரு கிறிஸ்தவர், கவிதை கட்டப் பழகும் பையன்களுக்குப் பழைய உவமைகள் விளங்க வேண்டுமே என்று எழுதிய புத்தகம்தான் அது. அதன் முன்னுரையை நீ தாண்டிவிட்டுப் போயிருப்பாய், எல்லோரும் தாண்டுவார்கள். திரும்பப் போய்ப் பார். தோர் என்பவன் ட்ராய் நகரத்து அரசன் பிரியாமின் பேரன் என்று அதில் இருக்கிறது! கிரேக்கக் கதையிலிருந்து ஆளைப் பிடித்து வடக்கே அனுப்பினால் இலக்கியம், சனி கிரகத்திலிருந்து நாலு கல் மனிதரை வரவழைத்தால் போலியா? வால்மீகியின் ராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கினான், கம்பனின் ராவணன் பர்ணசாலையோடு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போனான். நாம் கம்பனைப் போலி என்றா சொன்னோம்? நீ தலையில் வைத்துக் கொண்டாடும் தோர்கல், நம் லயன்-முத்து காமிக்ஸில் தமிழ் பேசியவன், அவனும் விண்கலத்தில் வந்த குழந்தைதான்.

கிர்பி விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், ஏழை யூதக் குடும்பத்தில், 1917-இல் ஜேக்கப் குர்ட்ஸ்பெர்க் என்ற பெயரில் பிறந்தவர் அவர். 1944-இல் காலாட்படையில் பிரான்ஸுக்குப் போய் நாஜிகளோடு சண்டை போட்டார், பனியில் கால் விறைத்து ஊனமாகிவிடும் அளவுக்குப் போய் மீண்டார். அந்த நாஜிகள் சீருடையில் குத்திக்கொண்டிருந்தது பழைய ரூன் எழுத்து. வடக்கத்திய தெய்வங்களையெல்லாம் தங்கள் சொத்து என்று சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள். போர் முடிந்து இருபது வருஷம் ஆவதற்குள், அதே தெய்வங்களை எடுத்து, தகுதி இருப்பவன் எவனாக இருந்தாலும் இந்தச் சுத்தியலைத் தூக்கலாம் என்று ஒரு யூதர் வரைகிறார், இரண்டு யூதர்கள் எழுதுகிறார்கள். தகுதிக்கு ரத்தமோ குலமோ கணக்கில்லை. அதை அவர்கள் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தகுதி வாசகம்தான் ஸ்நோரியில் இல்லாத நல்ல சரக்கு என்று படுகிறது. கிர்பிக்குத் தோர் மேல் ஒரு பழைய பைத்தியமும் உண்டு. 1942-இல் ஜோ சைமனோடு சேர்ந்து செய்த சாண்ட்மேன் கதையில் ஒரு தோர், 1957-இல் டிசிக்காக வரைந்த கதையில் இன்னொரு தோர். அந்த 1957 சுத்தியலைப் பார்த்தால் மார்வெல் சுத்தியலின் ஒத்திகை மாதிரியே இருக்கும்.

நீ தாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாய். காமிக்ஸில் உண்மையாகவே தொலைந்துபோனது வேறு. அது முடிவு.

எட்டாவில் உனக்கு எது பிடித்தது என்று எழுதியிருந்தாய் பார், எல்லாத் தெய்வங்களுக்கும் தங்கள் சாவு முன்கூட்டியே தெரியும் என்பது. ஓநாய் ஓடினை விழுங்கும். ஹெய்ம்டாலும் லோகியும் ஒருவரையொருவர் கொன்றுகொள்வார்கள். தோர் மிட்கார்ட் பாம்பை அடித்துக் கொன்றுவிட்டு ஒன்பது அடி நடந்து அதன் விஷத்தில் விழுவான். தெரிந்தும் போய் நிற்பதுதான் அந்தப் புராணத்தின் முதுகெலும்பு. மாதாமாதம் கடைக்கு வர வேண்டிய ஒரு பத்திரிகைக்கு இது எப்படிச் சரிப்படும்? தோர் இந்த மாதம் சாக முடியாது, ஏனென்றால் அடுத்த மாதம் இதழ் இருக்கிறது. பூஞ்சை பிடித்த அந்தப் பழைய இதழ்களை எல்லாம் திரும்பத் திரும்பப் படிக்கிறேனே, நான் அதில் தேடுவது இந்த இடைஞ்சலை யார் எப்படிச் சமாளித்தார்கள் என்பதைத்தான்.

கிர்பியை அந்த முடிவு அரித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். 1963-இல் 97-ஆம் இதழிலிருந்து 'டேல்ஸ் ஆஃப் அஸ்கார்ட்' என்று ஐந்து பக்கத் துணைக்கதை சேர்த்தார்கள், ஞாபகமிருக்கிறதா, முதல் கதையைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். பூமிக் கோமாளித்தனம் எதுவும் இல்லாமல் அரக்கர், குள்ளர், கப்பல், பனி. 1966-இல் பத்திரிகையின் பெயரே 126-ஆம் இதழிலிருந்து 'தோர்' என்று மாறியது. அடுத்த இரண்டு இதழ்களின் துணைக்கதையில் வோலா என்ற குறிசொல்லியின் வாயால் அந்த முடிவை, ரக்னராக் முழுவதையும் வரைந்து காட்டிவிட்டார்: தெய்வங்களின் ஊரான அஸ்கார்ட் எரிகிறது, தெய்வங்கள் மடிகிறார்கள், அந்தச் சாம்பலிலிருந்து இளையதொரு தலைமுறை எழுகிறது. அடுத்த மாதம்? எல்லோரும் உயிரோடு வழக்கம்போல வந்து நின்றார்கள். குறிதானே சொன்னாள்!

1970-இல் 179-ஆம் இதழோடு கிர்பி மார்வெலை விட்டே போனார். எது யாருடைய கற்பனை, யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கசப்பு அதன் பின்னால் இருந்தது. அதைப் பற்றி நீயும் நானும் பேசாத பேச்சில்லை, இப்போது விடு. 1971-இல் டிசியில் 'நியூ காட்ஸ்' தொடங்குகிறார். முதல் பக்கங்களிலேயே பழைய தெய்வங்கள் செத்துப்போகிறார்கள், அவர்களுடைய உலகம் இரண்டாகப் பிளக்கிறது. யார் அந்தப் பழைய தெய்வங்கள் என்று பெயர் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, இன்னொரு கம்பெனியின் சொத்தல்லவா. ரசிகர்கள் அன்றிலிருந்து இன்றுவரை அதைத் தோரின் கடைசிப் பக்கமாகத்தான் படிக்கிறோம். ரக்னராக்கை முடிக்க அந்த மனிதர் வேறு கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது என்பேன் நான்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'டாக்டர் பிளேக் உண்மையா, தோர் உண்மையா' என்று நம் மொட்டைமாடியில் விடிய விடிய அடித்துக்கொண்டோமே, நமக்கு வெகு காலம் முன்பே அமெரிக்கப் பையன்களையும் அது குடைந்திருக்கிறது. தடியை எடுத்ததும் ஒரு டாக்டர் கடவுளாகிறார் என்றால், அதற்கு முந்தைய ஆயிரம் வருஷம் கடவுள் எங்கே இருந்தார்? 1968-இல் 158, 159 இதழ்களில் பதில் வந்தது. பிளேக் என்ற ஆளே ஓடின் சமைத்த வேஷம், செருக்கு மிகுந்த மகனுக்குப் பணிவு கற்பிக்க. தோரின் கடிதப் பகுதிக்கு 'தி ஹாமர் ஸ்ட்ரைக்ஸ்' என்று பெயர். கதையில் ஓட்டை கண்டுபிடித்து, அதற்கு நீயே சமாதானமும் சொல்லிவிட்டால், மார்வெல் அந்தக் காலத்தில் 'நோ பிரைஸ்' அனுப்பும். வெறும் உறை. உள்ளே ஒன்றும் இருக்காது, பரிசு இதுதான் என்று வெளியே அச்சடித்திருக்கும். நம் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த தமாஷ் அது. ஸ்நோரி செய்ததும் ஓட்டை அடைக்கிற வேலைதானே என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இனி வால்ட் சைமன்சன். நீ அவரையும் சேர்த்துக் கழித்துவிட்டாய், அதுதான் தாங்க முடியவில்லை. கல்லூரிக் காலத்தில் கிர்பியின் தோரைப் படித்துக்கொண்டே, நெருப்பு அரக்கன் சுர்ட்டரை வைத்து ஒரு பெரிய கதையைத் தன் சந்தோஷத்துக்காக யோசித்து வைத்த ரசிகர் அவர். 1983-இல் 337-ஆம் இதழில் பத்திரிகை அவர் கைக்கு வந்தது. முதல் அட்டையிலேயே குதிரை மூஞ்சிக்காரன் ஒருவன் தோரின் உடையில் வந்து பத்திரிகையின் தலைப்பெழுத்தையே அடித்து நொறுக்குகிறான். பார்த்ததும் வில்லன் என்றுதான் நினைப்போம். அந்த பீட்டா ரே பில் சுத்தியலைத் தூக்கிவிடுகிறான்! கிர்பி-லீயின் தகுதி வாசகத்தை இருபது வருஷம் கழித்து ஒருவர் வார்த்தைக்கு வார்த்தை நம்பினார். அதே காலத்தில், ஒவ்வொரு இதழிலும் எங்கோ தொலைவில் ஒரு வாள் வார்க்கப்படும் சத்தம், ஜான் வொர்க்மனின் எழுத்தில் பக்கத்தை அடைத்துக்கொண்டு 'டூம்' என்று விழும். யார் வார்க்கிறார்கள் என்று மாதக்கணக்கில் சொல்லவே மாட்டார். 353-ஆம் இதழில் அது முடியும்போது ஓடின், தோர், லோகி மூவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் எதற்காகப் போராடுகிறேன் என்று முழங்க, லோகி மட்டும் தனக்காக என்கிறான். லோகியை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

தோரைத் தவளையாக்கி சென்ட்ரல் பார்க்கில் எலிகளோடு சண்டை போட வைத்தது அபசாரம் என்று எழுதியிருக்கிறாய். அட, கவிதை எட்டாவின் பாடல் ஒன்றில், திருடுபோன சுத்தியலை மீட்கத் தோர் மணப்பெண் வேஷம் போட்டுக்கொண்டு அரக்கன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறான், முக்காட்டுக்குள் உட்கார்ந்து ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீனையும் தின்று தீர்க்கிறான். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் தெய்வத்தைக் கேலி செய்யத் தயங்கியவர்கள் இல்லை. தவளைதான் மூலத்துக்கு ரொம்ப விசுவாசமான கதை என்று நான் வாதாடத் தயார்.

ஆனால் நான் சொல்ல வந்தது 362-ஆம் இதழ். 1985 கடைசி. பூமி மனிதர்கள் சிலரின் உயிர்கள் மரண தேவதை ஹெலாவின் பாதாளத்தில் சிக்கியிருக்கின்றன, மீட்கப் போன படையில் ஸ்கர்ஜும் இருக்கிறான். யார் இவன்? 1964-இல் கிர்பியும் லீயும் உண்டாக்கிய அடியாள். மொட்டைத்தலை, கையில் கோடரி, மந்திரக்காரி அமோராவின் பின்னால் நாய்க்குட்டி மாதிரி அலைந்தவன், இருபது வருஷமாக எல்லோரிடமும் அடி வாங்கியவன். அமோராவோ அவனைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹெய்ம்டால் பின்னால் போய்விட்டாள். செத்தவர்களின் நகங்களால் கட்டிய நாக்ல்ஃபர் கப்பலை இவன்தான் உடைத்தான், அத்தோடு கோடரியும் போயிற்று. இப்போது திரும்பும் வழியில் கியாலர்பாலம். பின்னால் ஹெலாவின் படை துரத்துகிறது. யாராவது ஒருவர் நின்று தடுத்தால்தான் மற்றவர்கள் தப்பலாம். தோர் நிற்கத் தயாராகிறான். ஸ்கர்ஜ் அவனைப் பின்னாலிருந்து அடித்து மயக்கமாக்கிப் போட்டுவிட்டுத் தான் நிற்கிறான். எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரித்தார்கள், இனி சிரிக்க முடியாது, அவ்வளவுதான் அவன் சொல்லும் காரணம். கையில் பூமியிலிருந்து கொண்டுவந்த எம்-16 துப்பாக்கிகள். புராணப் பாலத்தின் மேல் அமெரிக்க ராணுவத் துப்பாக்கி! கேட்டால் அபத்தம். பக்கத்தைப் புரட்டிப் பார், தொண்டை அடைக்கும். அவன் கடைசியாக விழும் காட்சியை சைமன்சன் வரையவே இல்லை. அவன் அங்கே தனியாக நின்றான் என்று பின்னாளில் பாதாளத்தில் இருப்பவர்களே சொல்லிக்கொள்வார்கள் என்பதோடு விட்டுவிடுகிறார். 2017 படத்தில் ஸ்கர்ஜ் இரண்டு துப்பாக்கியோடு குதிப்பானே, நீ தியேட்டரில் சிரித்தாயே, அது இதற்கு வைத்த கும்பிடு.

புரிகிறதா நான் எங்கே வருகிறேன் என்று? பத்திரிகையின் நாயகனுக்கு எட்டாவின் சாவைக் கொடுக்க முடியாது. சைமன்சன் அதை எடுத்து யாரும் மதிக்காத ஒரு அடியாளுக்குக் கொடுத்துவிட்டார். தோற்போம் என்று தெரிந்தே கும்பகர்ணன் எழுந்து போகும் இடத்தை தாத்தா வாயால் கேட்டு வளர்ந்த நீயா இதைச் சின்னப்பிள்ளைக் கதை என்கிறாய்?

தோரை மட்டும் சும்மா விட்டாரா? கடைசி வருஷத்தில் ஹெலா தோரைச் சபிக்கிறாள். எலும்புகள் கண்ணாடி மாதிரி நொறுங்கும், நொறுங்கினால் மறுபடி ஒட்டாது, ஆனால் சாவும் வராது. உடம்பைத் தாங்கிப் பிடிக்க அவன் கவசம் செய்து போட்டுக்கொள்கிறான். தொடர்கதை நாயகன் சாக முடியாது என்பது பதிப்பாளர் போட்ட விதி. அந்த விதியையே எடுத்துச் சாபமாக்கிவிட்டார் மனிதர். அந்த உடம்போடு 380-ஆம் இதழில், 1987-இல், மிட்கார்ட் பாம்போடு சண்டை. ஏறக்குறைய எல்லாப் பக்கமும் ஒரே படம், கட்டம் கிடையாது. சைமன்சன் வகுத்துக் கொடுக்க சால் பஸீமா முடித்தார். பாம்பு சாகிறது, தோர் விழுகிறான், எலும்பில்லாத கூழாக. எட்டா சொன்னது அப்படியே நடந்துவிட்டது, ஒரே ஒரு வித்தியாசம், இவனுக்குச் சாவு கிடைக்கவில்லை. அடுத்த இரண்டு இதழில் எப்படியோ மீட்டு எடுத்து, 382-ஆம் இதழோடு பேனாவை மூடிவைத்தார் சைமன்சன். மீட்டது வேண்டியிருந்தது, வியாபாரம். 380-இன் கடைசிப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நாள் கழித்துத் தொடர வேண்டும் என்பது என் கட்சி.

சைமன்சனின் முழுத் தொகுப்பைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஸ்டீவ் ஓலிஃப் புதிதாக நிறம் பூசிய பதிப்பு, பளபளவென்று இருக்கும், எனக்கு அந்தப் பழைய சாணித்தாள் நிறம்தான் பிடிக்கும், ஆனால் என் பழைய இதழ்களை உனக்குத் தர மாட்டேன். நீ காபி கொட்டுவாய். நடுவிலிருந்து ஆரம்பிக்காதே, 337-இலிருந்து வரிசையாக வா. 362-ஐப் படித்த பிறகும் போலி என்று தோன்றினால் தாராளமாக எழுது.

அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. பொங்கலுக்கு வருவாய்தானே? வரும்போது எட்டாவை எடுத்து வா, எனக்கும் வேண்டும்.

உன் அக்கா

பி.கு.: கிர்பியின் தோருக்கு மையிட்ட வின்ஸ் கோலெட்டா பற்றி நீ எழுதிய வசவு வரிகளைப் படித்தேன். நேரத்துக்கு முடிக்க வேண்டும் என்று கிர்பி வரைந்த பின்னணி ஆட்களையும் கட்டடங்களையும் அழித்துத் தள்ளினார் என்பது உண்மை, மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த மெல்லிய கீறல் கோடுகள் அஸ்கார்டுக்கு ஒரு பழங்கால மரச்செதுக்குச் சாயலைக் கொடுத்தன. அவருக்குப் பின் வந்தவர்கள் மையிட்ட தோர் இதழ்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் திட்டு.